டேஷ் கெமராவில் மிதக்கும் டேஷ்போர்ட்: மலைநாட்டு ரோட்டுக்கு சிபிஎல் பில்டர் சரிவருமா?

லிந்துலை_அக்வா

வணக்கம். வாகனம் டொயோட்டா அக்வா. கெமரா பின்பார்வைக் கண்ணாடிக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கு. 140 பாகை லென்ஸ், வினாடிக்கு 30 பிரேம். பகல் வீடியோவில் ஏ.சி. துவாரம், பிள்ளையார் சிலை, டேஷ்போர்ட் தையல் கோடு எல்லாமே ரோட்டுக்கு மேல பேய் மாதிரி மிதக்குது. கொழும்புப் பக்கம் ஓடும்போது பெரிசா தெரியாது. நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் வந்தா மோசம், அதுவும் வெயிலே இல்லாத மப்பு நாளில் ரொம்ப மோசம். வெயில் இல்லாதப்போ ஏன் கூடணும்?

சிபிஎல் (வட்டப் போலரைசர், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுகிற பில்டர்) போட்டா எவ்வளவு குறையும்? இரவில் கழற்றணுமா? வீட்டில் ஒரு கேடிஎச் வேனும் ஒரு த்ரீவீலும் இருக்கு, அதுக்கும் அதே பில்டர் போதுமா? பழுதான எல்சிடி மொனிட்டரில் உரிக்கிற போலரைசர் தாளை வெட்டி ஒட்டினா வேலை செய்யுமா?

படுகோணம்

மேலே வந்தால் தெறிப்பு கூடுவதில்லை, அதற்குப் பின்னால் உள்ள காட்சிதான் இருண்டு போகிறது. டேஷ்போர்டில் பட்டுக் கண்ணாடியில் தெறிக்கும் ஒளி, படத்தின் மேல் ஒரு மெல்லிய படலமாகக் கூடுகிறது. கொழும்பில் காலி ஊருக்குப் போகும் வீதியில் வெளிறிய தார், வெள்ளைச் சுவர், திறந்த வானம் எல்லாம் பளிச்சென்று இருப்பதால் படலம் அமுங்கிவிடும். தலவாக்கலையில் லென்சுக்கு முன்னால் இருப்பது கரும்பச்சைத் தேயிலைச் சரிவு, ஈரப் பாறை, யூக்கலிப்டஸ் நிழல். மேலே முழு வானமும் வெள்ளை முகில். முகில் ஒரு பெரிய விளக்கு மாதிரி டேஷ்போர்டை நேராக மேலிருந்து வெளிச்சமாக்குகிறது. முன்னால் இருட்டு, கீழே வெளிச்சம். மப்பு நாளில் மோசமாவது அதனால்தான்.

சிபிஎல் எவ்வளவு குறைக்கும் என்பது பில்டரின் விலையைவிட உங்கள் கண்ணாடியின் சாய்வைப் பொறுத்தது. வாங்கும் முன் அளந்துவிடுங்கள். போனில் உள்ள லெவல் ஆப்பைத் திறந்து, கெமரா இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியின் உட்புறத்தில் போனை ஒட்ட வைத்து, கிடையிலிருந்து எத்தனை பாகை என்று பாருங்கள். நம் பக்கத்தில் சமதரை கிடைப்பது கஷ்டம். அதனால் கதவுக்குக் கீழே உள்ள படியிலும் ஓர் அளவு எடுத்து, வாகனம் நிற்கும் சரிவைக் கணக்கில் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள். வரும் எண்ணை 90இலிருந்து கழித்தால் படுகோணம், அதாவது கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து கெமராவின் பார்வை சாயும் அளவு.

கண்ணாடிக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் எண், ஒளிமுறிவுச் சுட்டி, ஏறத்தாழ 1.52. அதற்கு புரூஸ்டர் கோணம் 56.7 பாகை. அந்தப் படுகோணத்துக்குக் கிட்டத் தெறிக்கும் ஒளி அநேகமாக முழுவதும் இடவலமாக அதிர்வது. பில்டரின் அச்சைச் செங்குத்தாக வைத்தால் அது நின்றுவிடும். கணக்கு இப்படி வரும். கண்ணாடி கிடையிலிருந்து 30 பாகை என்றால் படுகோணம் 60. இடவலமாக அதிரும் ஒளியில் 18 வீதம் தெறிக்கும், மேல்கீழாக அதிர்வதில் 0.15 வீதம்தான். பில்டர் அதிசயம் காட்டும் இடம் இது. கண்ணாடி 45 பாகை என்றால் 9.7 வீதத்துக்கு 0.9 வீதம், இதுவும் நல்ல பலன். கண்ணாடி 70 பாகை நிமிர்ந்திருந்தால் படுகோணம் 20. 5 வீதத்துக்கு 3.6 வீதம். அங்கே சிபிஎல் போடுவது கெமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவதற்குச் சமம்.

இந்த எண்கள் கண்ணாடியின் ஒரு பக்கத்துக்கு. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு தெறிப்பு உண்டு. பிள்ளையார் இரட்டையாகத் தெரிவது அதனால்தான். பில்டர் இரண்டையும் சேர்த்தே குறைக்கும். ஆனால் இதெல்லாம் படத்தின் நடுப்பகுதிக்கான கணக்கு. 140 பாகை லென்சில் ஓரங்களில் கோணம் மாறுவதால் மூலைகளில் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பில்டரின் குறை என்று நினைக்க வேண்டாம்.

மொனிட்டர் தாளும் வேலை செய்யும். சிபிஎல் என்பது ஒரு நேர்கோட்டுப் போலரைசரும் அதன் பின்னால் ஒரு கால் அலைத் தகடும் சேர்ந்தது. அந்தத் தகடு, படக்கெமராக்களின் ஃபோகஸ், ஒளியளவு அமைப்புகள் குழம்பாமல் இருக்கத்தான். டேஷ் கெமராவில் ஃபோகஸ் நிலையானது, ஆகவே வெறும் போலரைசர் தாளே தெறிப்பை வெட்டும். சிக்கல் வேறு இடத்தில். மொனிட்டரின் முன்பக்கத் தாளில் மினுக்கம் தடுக்கும் சொரசொரப்பு இருந்தால் படம் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். பின்பக்கத் தாளைப் பாருங்கள், பளிங்காக இருந்தால் மட்டும் எடுங்கள். பசையை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் பொறுமையாக எடுக்க வேண்டும். தாள் சற்று வளைந்தாலும் தூரத்து எழுத்து மங்கும். சோதனைக்கு அது போதும், நிரந்தரமாகப் போடக் கண்ணாடிப் பில்டர்தான் நல்லது.

கறுப்புத்துணி

பில்டருக்குக் காசு போடுமுன் டேஷ்போர்டைக் கறுப்பாக்குங்க. தெறிக்க வெளிச்சம் இல்லாட்டி வெட்ட ஒண்ணுமில்லை. இரவிலும் ஒளியைக் குடிக்காத வழி இது.

முதல்ல, டேஷ்போர்டில் சிலிக்கோன் பொலிஷ் அடிச்சிருந்தா கழுவி எடுக்கணும். லேசான சவர்க்காரத் தண்ணியில் இரண்டு தடவை துடைச்சா மினுமினுப்புப் போயிரும். அடுத்தது, துணி எங்க போகணும்னு கண்டுபிடிக்கணும். கெமராவை வைஃபையில் போனோட இணைச்சு நேரடிக் காட்சியைப் பார்த்துக்கிட்டே ஒரு வெள்ளை ஏ4 தாளை டேஷ்போர்டில் நகர்த்துங்க. தாள் படத்தில் தெரியிற இடமெல்லாம் துணி வேணும். சாய்ந்த கண்ணாடியில் அந்த இடம் முன்னால, கண்ணாடியின் அடிப்பக்கமா இருக்கும். 45 பாகைக் கண்ணாடியில், கெமராப் பார்வை கண்ணாடியைத் தொடுற இடத்துக்கு நேர் கீழே.

துணிக்கடையில் கறுப்பு ஃபெல்ட் கேளுங்க. ரெக்சீன் கறுப்பா இருந்தாலும் பளபளக்கும், வேண்டாம். வெல்வெட் எடுத்தா கையால ஒரு பக்கம் தடவினா கறுப்பு, மறுபக்கம் தடவினா சாம்பல்னு மாறும். வெள்ளைத்தாள் வச்ச மாதிரியே திருப்பித் திருப்பி வச்சுப் பார்த்து, கறுப்பாத் தெரியிற திசையில் ஒட்டுங்க. ஒட்ட வெல்குரோ பட்டி. இரட்டைப் பக்க டேப் மேலே குளிரில் பிடிச்சு நிக்கும், கம்பளைக்கு இறங்கி வெயிலில் நிறுத்தினா உருகி வழியும்.

மூணு இடத்தை மூடவே கூடாது. ஒண்ணு, பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் தையல் கோடு. ரெண்டு, கண்ணாடிக்குக் காத்து அடிக்கிற துவாரம். பட்டிப்பொலை, அம்பேவலைப் பக்கம் விடியக்காலையில் அது அடைபட்டா கண்ணாடி உள்ளே பூத்துப் போய் ரோட்டே தெரியாது, கெமராவை விடுங்க. மூணு, டேஷ்போர்டின் மேல் சின்னக் குமிழ் மாதிரி இருக்கிற ஒளி சென்சர். சில ஜப்பான் வாகனங்களில் இருக்கும், மூடினா பகலிலேயே லைட் எரியும்.

சாமியை எடுக்கச் சொல்லலை. தெறிக்காத ஓரத்துக்கு, இல்லாட்டி ரேடியோவுக்குக் கீழே கொஞ்சம் இறக்கி வைங்க. மாலையும் எலுமிச்சம்பழமும் தெறிக்கிறதில் வெள்ளைத்தாளைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

லிந்துலை_அக்வா

இருவருக்கும் நன்றி. அளந்தேன்: அக்வா 29 பாகை, கேடிஎச் 45 சுற்றி. துணி போட்டதும் பாதிக்கு மேல போயிருச்சு, துவாரத்தின் கோடுகள் மட்டும் மிச்சம். அதுக்கு வளையத்தோட வர்ற சிபிஎல் ஒண்ணு எடுத்து மாட்டினேன். முழுச் சுற்று சுற்றியும் தெறிப்பில் வித்தியாசமே இல்லை, படம் மட்டும் இருண்டிருக்கு. போலியா?

இரட்டைக்கண்

போலியாக இருக்கலாம், ஆனால் தலைகீழாகப் போட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கால் அலைத் தகடு வெளியே பார்த்தால், எப்படிச் சுற்றினாலும் தெறிப்பு அப்படியே இருக்கும், ஒளி மட்டும் குறையும். உங்கள் அறிகுறி அதுவேதான்.

சோதனைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். பில்டரைக் கழற்றி ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து, அதனூடாகக் கண்ணாடியில் தெரியும் அதே பில்டரின் உருவத்தைப் பாருங்கள். கன்னங்கரேலென்று தெரிந்தால் கண்ணாடியை நோக்கும் பக்கம் தகடு. மறுபக்கம் திருப்பினால் தெளியும். தெளிவாகத் தெரியும்போது எந்தப் பக்கம் கண்ணாடியை நோக்குகிறதோ, அந்தப் பக்கம்தான் வாகனத்தில் ரோட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தெளிவாகவே இருந்தால் அது வெறும் போலரைசர் அல்லது வெறும் இருட்டுக் கண்ணாடி.

எது என்று பிரிக்கவும், அச்சைக் கண்டுபிடிக்கவும் மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்புச் சீமெந்துத் தரை நல்லது. கதவு வெளிச்சம் தரையில் பளபளக்கும் திசையில் நின்று, ஓரிரு மீற்றர் தள்ளிச் சாய்வாகப் பாருங்கள். ரோட்டைப் பார்க்க வேண்டிய பக்கம் தரையை நோக்கி இருக்கட்டும். மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் பளபளப்பு அணைந்து சிவப்பு நிறம் எழும். அந்த நிலையில் வளையத்தின் உச்சியில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். பளபளப்பு மாறவே இல்லையென்றால் அது போலரைசரே இல்லை, கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

வாகனத்தில் மாட்டும்போது புள்ளி மேலே. பிறகு திறந்த வெளியில், நண்பகல் அளவில், துணியை எடுத்துவிட்டு அதே ஏ4 தாளை வைத்து போனில் பார்த்தபடி இருபக்கமும் 10 பாகை அளவு அசைத்துப் பாருங்கள். கெமரா நடுவில் இல்லாமல் இடப்பக்கம் இருப்பதாலும் கண்ணாடி ஓரத்தில் வளைவதாலும் சரியான இடம் நேர் செங்குத்திலிருந்து கொஞ்சம் விலகும். தாள் மிகக் குறைவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, வளையத்துக்கும் கெமரா உடலுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்.

தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் வளையம் தானாகச் சுற்றிக்கொள்ளும். ஒரு மாதம் நன்றாக இருந்து பிறகு தெறிப்பு திரும்பி வந்தால் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கழற்றும் எண்ணம் இல்லாதவர்கள் நகப்பூச்சு ஒரு துளி வைக்கலாம். கழற்றுபவர்கள் மெல்லிய டேப் ஒரு துண்டு.

மஸ்கெலியா_வளைவு

சிபிஎல்லில் இன்னொரு லாபம்: மழை விட்ட பிறகு ஈரத் தார் கண்ணைக் கூசும் இல்லையா, அதையும் வெட்டும். பனியிலும் கொஞ்சம் தூரம் கூடத் தெரியும்.

படுகோணம்

இரண்டும் பரவலாகச் சொல்லப்படுவது, ஆனால் டேஷ் கெமராவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தண்ணீருக்குப் புரூஸ்டர் கோணம் 53 பாகை. அதாவது ரோட்டை 37 பாகை கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். கெமரா 1.3 மீற்றர் உயரத்தில் இருந்தால் அந்த இடம் லென்சுக்கு 1.7 மீற்றர் முன்னால், பொனட்டுக்குக் கீழே. 10 மீற்றர் முன்னாலுள்ள ஈரத் தாரில் பார்வை வெறும் 7 பாகை சரிவு. அங்கே இடவலமாக அதிரும் ஒளியில் 56 வீதம் தெறித்தால் மற்றதில் 35 வீதம் தெறிக்கும். 5 மீற்றரில் 32க்கு 12. ஆகவே பொனட்டுக்கு அருகிலுள்ள ரோட்டில் வித்தியாசம் தெரியும், எதிரே வளைவில் தெரிய வேண்டிய வாகனத்துக்கு அநேகமாக எதுவும் மாறாது.

பனிமூட்டத்தில் ஒளி துளிக்குத் துளி பலமுறை சிதறி வருவதால் ஒரு திசையில் அதிரும் பங்கு மிச்சமிருக்காது. பில்டர் பனியையும் வாகனத்தையும் ஒரே அளவில் இருட்டாக்கும். பனி நாளில் அது செய்யும் உதவி டேஷ்போர்டின் படலத்தை எடுப்பது மட்டும்தான். ஏற்கெனவே சாம்பலாக உள்ள படத்துக்கு அதுவும் பெரிய விஷயமே, மறுக்கவில்லை.

சூரியன் நேராக லென்சில் விழுவதற்கும் மருந்து இது இல்லை. காலையில் புசல்லாவையிலிருந்து றம்பொடைக்கு ஏறும்போது படம் வெள்ளையடிப்பது பெரும்பாலும் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்த எண்ணெய்ப் படலத்தால். பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகி ஒட்டுவது அது. மாதத்துக்கு ஒருமுறை கெமராவுக்கு முன்னால் ஒரு கையளவு இடத்தை அல்கஹோலால் துடையுங்கள்.

இரவுலொறி

இரவுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. கழற்றணும். நல்ல சிபிஎல்லும் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகும்) ஒளியைக் குடிக்கும். ஒன்றரை என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் உள்ளே போகும். அதைச் சரிக்கட்டக் கெமரா ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தை நீட்டும். 30 பிரேமில் ஆகக்கூடியது 1/30 வினாடி. மணிக்கு 40 கிலோமீற்றர் ஓடுற வண்டி அந்த நேரத்தில் 37 சென்ரிமீற்றர் நகரும். எதிரே வர்றவனும் 40 என்றால் 74. இலக்கத்தகடு ஒரு பட்டையா இழுபடும், எழுத்து இருக்காது. அதுக்கு மேலயும் இருட்டென்றால் புள்ளிப் புள்ளியா இரைச்சல் வரும்.

ஆறு மணி தாண்டினாலோ, இருட்டோட கிளம்புற மரக்கறி லொறியிலோ பில்டர் பெட்டிக்குள்ள இருக்கட்டும். இரவில் டேஷ்போர்டுக்கு மேலே வெளிச்சமே இல்லை, வெட்ட ஒண்ணும் கிடையாது. றம்பொடைச் சுரங்கத்துக்காகக் கழற்றத் தேவையில்லை, 225 மீற்றர்தான்.

கழற்றி வைக்கும்போது ஈரம் கவனம். பனியில் நனைஞ்ச கையோட மாட்டினா லென்சுக்கும் பில்டருக்கும் நடுவில் மூச்சு அடைபட்டுப் பூத்துப்போகும். வெளியே துடைச்சாப் போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்ட சின்ன டப்பாவில் வைங்க.

கெமரா செட்டிங்கில் ஈவியை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அளவு) பகலில் பில்டரோட 0, இரவில் பில்டர் இல்லாம −0.3 அல்லது −0.7. நம்ம இலக்கத்தகடுகள் ஒளியைத் திருப்பி அடிக்கிற வகை, கிட்ட வந்தா ஹெட்லைட்டில் வெள்ளையாப் பொங்கிரும். ஈவி இறக்கினா எழுத்து நிக்கும்.

கறுப்புத்துணி

த்ரீவீல், பஸ், லொறிக்கு: கண்ணாடி நிமிர்ந்து நிக்கிறதால அங்கே தெறிக்கிறது டேஷ்போர்ட் இல்லை. 70 பாகைக் கண்ணாடியில் கெமராவுக்குத் தெரியிறது பின்னால கீழே இருக்கிறது: ஸ்டியரிங், சாரதியின் மடி, வெள்ளைச் சேட்டு. சாரதிக்குக் கறுப்புத் துணி போர்த்த முடியாது. அதுக்கு லென்சைக் கண்ணாடிக்கு ஒட்ட 1 சென்ரிமீற்றருக்குள்ள கொண்டுபோய், லென்சைச் சுற்றி கறுப்பு இவிஏ ஸ்பொஞ்சில் ஒரு வளையம் வெட்டிக் கண்ணாடியைத் தொடுற மாதிரி ஒட்டுங்க. பக்கத்து வெளிச்சம் நுழையாட்டி தெறிப்பே இல்லை, ஒளியும் நட்டமில்லை. ஓட்டையைச் சின்னதா வெட்டினா மூலை கறுக்கும். முதலில் சின்னதா வெட்டி, படத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தரியால பெருசாக்குங்க. சாய்ந்த கண்ணாடிக்கும் இது முடியும், ஆனா ஸ்பொஞ்சைச் சரிவா வெட்டணும், அதுதான் வேலை.

லிந்துலை_அக்வா

தலைகீழ்தான். திருப்பிப் போட்டதும் துவாரக் கோடும் போயிருச்சு. இப்போ புதுசா ரெண்டு. முன் படத்தில் மேல் பக்கம் வானவில் மாதிரி ஊதா-பச்சைப் பட்டை. பின் கெமராவுக்கும் அதே வகை பில்டர் போட்டேன், பின் கண்ணாடி முழுக்கச் சிறுத்தைப் புள்ளி.

இரட்டைக்கண்

பின்பக்கத்துக்குப் போடவே வேண்டாம். பின் கண்ணாடி சூடாக்கிக் காற்றடித்துக் குளிர வைத்த வலுவூட்டிய கண்ணாடி. காற்றடித்த இடங்களில் தங்கிய இறுக்கம் போலரைசரூடாகப் புள்ளியாகத் தெரியும், எப்படித் திருப்பினாலும் போகாது. முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது, அப்படிக் குளிரூட்டப்படாதது. அதனால்தான் அங்கே புள்ளி வருவதில்லை.

வானவில்லுக்கு, கெமராவை ஒட்டுமுன் கண்ணாடியில் பசையில்லாமல் நிலைமின்னால் ஒட்டும் ஸ்டிக்கர் ஒட்டினீர்களா? அது பெரும்பாலும் பெட் (PET) பிளாஸ்டிக். வானத்து ஒளி ஏற்கெனவே ஓரளவு போலரைஸ் ஆனது, பெட் ஊடாக வந்து பில்டரில் பட்டால் நிறம் பிரியும். ஸ்டிக்கரின் கீழ்ப்பகுதி லென்சின் பார்வைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடால் கண்ணாடியைக் கீறாமல், ஸ்டிக்கரைக் கழற்றிக் கத்தரியால் கெமராவின் அடித்தட்டு அளவுக்கு வெட்டி மறுபடி ஒட்டுங்கள். ஸ்டிக்கரே ஒட்டவில்லையென்றால் கண்ணாடி முழுவதும் கூலிங் பேப்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

லிந்துலை_அக்வா

ஸ்டிக்கர்தான், ஒரு விரல் அகலம் கீழே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வெட்டியாச்சு, பட்டை போயிருச்சு. பின் பில்டரைக் கேடிஎச்சின் முன்னுக்கு மாத்தப் போறேன், வளையம் 37 மில்லிமீற்றர், அந்தக் கெமராவும் அதே மாடல்.

இரட்டைக்கண்

மாடல் அதேயென்றால் பொருந்தும், வளையத்தின் வெள்ளைப் புள்ளியையும் அழிக்க வேண்டாம். ஆனால் 10 பாகைச் சோதனையை வேனில் புதிதாகச் செய்யுங்கள். அக்வாவில் போட்ட கோடு அங்கே சரிவராது.